முத்திரை குத்திய தட்டு

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெட்சோ வகைச் சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றில் குயவர் முத்திரை: விபி, கமூரி, இத்தா. மண் ஈரமாக இருந்தபோதே அச்சுக் குத்தியதால், சிறு பள்ளத்துக்குள் எழுத்துகள் புடைத்து நிற்கும். இவ்வகைத் தட்டுகளின் காலம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதை வைத்தே, உடன்கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு இது சாதாரண உதவி அல்ல.

உள்ளூர் ஓடுகளிலும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் சுட்டபின் கீறியவை; வனைந்தவர் பெயராக அன்றி, உடைமையாளர் பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முத்திரையை வைத்துக் காலம் அறியும் இதே வழி வீட்டுப் பாத்திரங்களுக்கும் உதவும். தாத்தா காலத்து இங்கிலீஷ் பீங்கான் வீட்டில் இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். ‘இங்கிலாந்து’ என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்தது. நாட்டின் பெயரை அமெரிக்க இறக்குமதிச் சட்டம் கேட்டது அப்போதுதான். சாய்சதுர முத்திரை என்றால் வடிவம் 1842–1883-க்குள் பதிவானது; வெறும் பதிவு எண் என்றால் 1884 முதல். பதிவான வடிவத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்வார்கள் என்பதால், தட்டு அதைவிடப் புதிதாகவும் இருக்கலாம்.