பழைய மலர்களும் மெய்நிகர் இயந்திரமும்

ஒரு கல்லூரியின் வரலாறு அதன் கட்டடங்களில் மட்டுமன்று, அது காலந்தோறும் வெளியிட்ட மலர்களிலும் உறைகின்றது. கணினி வந்த பின்னர்க் கோக்கப்பட்ட மலர்களுக்கு அச்சுப்படியேயன்றி வேறொரு மூலமும் உண்டு. அஃது இறுவட்டிலே கிடக்கும் கோப்பாகும். அதனை இன்று திறக்கும் வழி யாதென்பதே ஈண்டு ஆராயப்படுவது.

யாழ்ப்பாணத்து அச்சகங்கள் பலவற்றில் நெடுங்காலம் வழங்கியவை பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளும் பாமினி எழுத்துருவுமாம். பேஜ்மேக்கரின் இறுதிப் பெரும்பதிப்பாகிய 7.0, 2001 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் வழித்தோன்றலாகிய இன்டிசைன், 2012 ஆம் ஆண்டின் சிஎஸ் 6 வரையுமே அக்கோப்புகளைத் திறந்தது. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்தது. ஆதலின், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நல்ல தமிழ்க் கட்டுரையும் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாய்த் தோன்றும். பழைய கோப்புக்குப் பழைய சூழல் வேண்டும். பழைய கணினியோ பெரும்பாலும் பழுதுற்றிருக்கும்.

இவ்விடரைத் தீர்ப்பது மெய்நிகர் இயந்திரம். அஃதாவது, இன்றைய கணினியினுள்ளே மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணினி. இல்லத்தார் தம் வீட்டில் ஓர் அறையை விருந்தினர்க்கு ஒழித்துக் கொடுத்தல் போல, நம் கணினி தன் நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுக்க, விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய பணிசெயல் முறைமை அங்கே தனித்து இயங்கும். இக்கருத்துப் புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் 1972 ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு இவ்வகை மென்பொருளை வெளியிட்டது.

இனி, எம்மென்பொருளைத் தெரிவது? விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோசிலும் லினக்சிலும் இயங்கும். அதன் அடிப்படைத் தொகுதி கட்டற்ற மென்பொருள். நீட்சித் தொகுதியோ தனியார்க்கும் கல்விக்கும் மட்டுமே கட்டணமற்றது. அச்சகத்தார் இதனைக் கருத்திற் கொள்க. விஎம்வேர் வேர்க்ஸ்டேசன் புரோ 2024 நவம்பர் முதல் யாவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. ஹைப்பர்-வி விண்டோசின் உயர் பதிப்புகளுடன் வருவது. ஹோம் பதிப்பில் இல்லை. எக்ஸ்பிக்கு வேண்டிய துணைக்கருவிகளை அது இப்போது வழங்காமையின், நம் நோக்கத்துக்குப் பொருந்தாது. எம் வகைச் சில்லுடைய ஆப்பிள் கணினியில் பழைய விண்டோசை இயக்க யூடிஎம் உதவும். ஆயினும் வேறுவகைச் சில்லொன்றை முழுதும் போலச் செய்ய வேண்டியிருத்தலின் வேகம் குறையும்.

இவற்றை ஒப்பிடுமிடத்து, சாதாரண விண்டோஸ் கணினியும் சில இறுவட்டுகளும் உடைய கல்லூரிக்கு விர்ச்சுவல்பாக்ஸ் போதும் என்பதே எமது துணிபு. மிக விரைவானது எது என்பதினும், கைக்கிட்டிய கணினியில் எக்ஸ்பியை ஏற்பது எது என்பதே தெரிவுக்குரிய வினா. எட்டுக் கிகாபைற்று நினைவகமுள்ள கணினியில் ஒன்றை எக்ஸ்பிக்கு ஒதுக்கினால் அமையும்.

செய்யுமுறையிற் பேண வேண்டியன நான்கு. முதலாவது, இறுவட்டின் உள்ளடக்கத்தை வன்தட்டிற் படியெடுத்து, அப்படியிலேயே வேலை செய்க. இரண்டாவது, எக்ஸ்பிக்கும் பேஜ்மேக்கருக்கும் உரிய உரிமம் இருத்தல் வேண்டும். மூன்றாவது, எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8 ஆம் நாள் முடிவுற்றமையால், அதனை இணையத்தோடு இணைத்தலாகாது. பகிர்வுக் கோப்புறை வழியே கோப்புகளை மாற்றுக. நான்காவது, முறைமையை நிறுவி முடிந்தவுடன் அதன் நிலையைப் பதிந்து வைத்தால், பிழை நேர்ந்தவிடத்து அந்நிலைக்கே மீளலாம்.

கோப்புத் திறந்தவுடன் பணி முடிந்ததென்று அமைதல் கூடாது. பக்கங்களைப் பீடிஎப் ஆகவும், கட்டுரைகளை வெறும் உரையாகவும் வெளியே எடுத்து, அவ்வுரையை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்புநோக்கல் வேண்டும். பெயர்களையும் ஆண்டுகளையும் இருமுறை சரிபார்த்தல் நன்று. பின்னர் ஒரு படியை 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணிவரும் நூலகம் திட்டத்துக்கு வழங்கலாம்.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நெருப்பின்றியும் நூல் அழியும் காலம் இது. திறக்கவியலாக் கோப்பும் அழிந்த நூலே. பழைய மாணவர் தம் வீட்டுப் பெட்டகங்களில் உள்ள இறுவட்டுகளைத் தேடித் தருக. கணினி பயிலும் மாணவர் அவற்றைத் திறக்க முன்வருக. அவ்விருவர் முயற்சியும் கூடுமாயின் நம் முன்னோர் எழுத்து நின்று நிலவும்.