மூட்டழற்சியுற்ற குமரப்பருவத்தினரின் செயல்திறனை அளத்தல்

மூட்டுவாதம் முதியோருக்குரிய நோய் என்பது மக்களிடையே வேரூன்றிய கருத்தாகும். ஆனால், பள்ளி செல்லும் சிறுவர் சிறுமியரையும் இந்நோய் பற்றுவதுண்டு. 1897 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்னும் ஆங்கில மருத்துவர், குழந்தைகளிடம் காணப்படும் நீடித்த மூட்டுநோயைத் தனியே ஆராய்ந்து விவரித்தார். 16 வயது நிறைவதற்கு முன் தோன்றி, குறைந்தது 6 வாரங்கள் நீடித்து, வேறு காரணம் எதுவும் புலப்படாத மூட்டழற்சியையே மருத்துவர்கள் இன்று இளம்பருவ மூட்டழற்சி என வழங்குகின்றனர்.

இந்நோயில் மூட்டின் உட்புறச் சவ்வு அழற்சியுற்றுத் தடிக்கிறது. மூட்டினுள் நீர் சேர்கிறது. கவனியாது விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் நாளடைவில் அரிக்கப்படும். வளரும் உடலில் இதன் விளைவுகள் தனித்தன்மை வாய்ந்தவை. ஒரு முழங்காலில் மட்டும் அழற்சி நீடிக்குமாயின், அக்கால் மற்றதைவிட நீண்டு வளர்வதுண்டு. தாடை மூட்டு தாக்கப்பட்டால் கீழ்த்தாடையின் வளர்ச்சி குன்றும்.

அளவிட வேண்டுவது ஏன்?

இரத்தப் பரிசோதனை அழற்சியின் அளவைக் காட்டக்கூடும். எக்ஸ்ரே படம் எலும்பின் சேதத்தைக் காட்டும். ஆனால் அம்மாணவன் காலையில் தானே சட்டை அணிய முடிகிறதா, மூன்று மணி நேரத் தேர்வை எழுதி முடிக்க இயலுமா என்பவற்றுக்கு இவ்விரண்டும் விடை தரா. இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் தென்படாத நோயாளரும் உளர். ஆகவே, அன்றாட வாழ்வில் நோயாளி செய்யவல்லவை எவை, செய்ய இயலாதவை எவை என்பதை முறையாக அளந்தறிதல் சிகிச்சையின் இன்றியமையாத பகுதியாயிற்று. மருந்து பயன் தருகிறதா என்பதை அறியவும் இதுவே ஒரு முக்கியமான அளவுகோல்.

அளக்கும் முறைகள்

இரு வழிகள் உள்ளன. ஒன்று, செய்யச் சொல்லி நேரிற் காண்பது. 1989 இல் வெளியான ஒரு முறையில் பொத்தானிடுதல், தரையிலிருந்து எழுதல், 50 அடி நடத்தல் போன்ற 10 செயல்களைச் செய்யச் சொல்லி, ஆகும் நேரத்தைக் குறித்து, நோயற்ற பிள்ளைகளின் நேரத்தோடு ஒப்பிடுவர்.

மற்றொன்று, வினாப்பட்டியல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வயதுவந்தோருக்கென வகுக்கப்பட்ட பட்டியலைத் தழுவி, 1994 இல் குழந்தைகளுக்கான பட்டியல் வெளிவந்தது. அதில் 30 வினாக்கள் 8 பிரிவுகளில் அமைந்துள்ளன. உடுத்தலும் ஒப்பனையும், எழுதல், உண்ணல், நடத்தல், தூய்மை பேணல், எட்டி எடுத்தல், பிடித்தல், பிற அலுவல்கள் என்பன அப்பிரிவுகள். கடந்த ஒரு வார கால நிலையைக் கருதி விடையளிக்க வேண்டும். தொல்லை இல்லையெனில் 0, சிறிது தொல்லை எனில் 1, மிகுந்த தொல்லை எனில் 2, செய்யவே இயலாதெனில் 3. ஒரு பிரிவில் பெற்ற மிக உயர்ந்த எண்ணே அப்பிரிவுக்குரியதாகும். துணைக்கருவியோ பிறர் உதவியோ வழக்கமாகத் தேவைப்படுமாயின், அப்பிரிவின் எண் 2க்குக் குறையாது. வயதின் காரணமாகச் செய்ய இயலாதவற்றைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவி 8 பிரிவுகளில் முறையே 2, 1, 0, 1, 2, 1, 2, 1 என எண்கள் பெறுகிறாள் எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 10, அதை 8 ஆல் வகுக்க 1.25 கிடைக்கும். சில திங்கள் சிகிச்சைக்குப் பின் இவ்வெண் குறையுமாயின் முன்னேற்றம் எனக் கொள்ளலாம்.

வினாவும் வாழ்க்கையும்

மேனாட்டில் எழுந்த இப்பட்டியல் குளியல் தொட்டி, மோட்டார் வண்டியின் கதவு, இறைச்சியைக் கத்தியால் அறுத்தல் ஆகியவற்றைப் பற்றி வினவுகிறது. நம் நாட்டின் சிற்றூர் மாணவிக்கு இவை பொருந்தா. அவள் சம்மணமிட்டு அமர வேண்டும். கழிப்பிடத்திற் குந்தி எழ வேண்டும். அடிகுழாயில் நீர் இறைக்க வேண்டும். மாவு பிசைய வேண்டும். கைகளைப் பின்னே கொண்டுசென்று சடை பின்ன வேண்டும். முழங்காலும் இடுப்பும் நோயுற்றவர்க்குக் குந்துதலே முதற்பெருந் தடையாகும். 2001 ஆம் ஆண்டளவில் இப்பட்டியல் 32 நாடுகளின் மொழிக்கும் வழக்கத்துக்கும் ஏற்பத் தழுவப்பெற்றது. சொல்லை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, செயலையும் மாற்ற வேண்டும் என்பதே அம்முயற்சியின் அடிப்படை.

மற்றொரு குறையும் உண்டு. ஓரிரு மூட்டுகளில் மட்டும் நோயுற்ற வளர்ந்த பிள்ளைகள் பலர் இதில் 0 பெற்றுவிடுகின்றனர். அன்றாடப் பணிகளை அவர்கள் முடித்துவிடுவர். எனினும் பந்தாட்டத்தின் நடுவே நின்றுவிடுவர், நீண்ட விடை எழுதுகையில் விரல் நோவர். எனவே 0 என்பது நலத்திற்குச் சான்றாகாது.

குமரப்பருவத்தினரிடம் கவனிக்க வேண்டியவை

சிறு குழந்தைக்காகத் தாய் விடையளிப்பது முறை. 13, 14 வயதினருக்கு அது பொருந்தாது. தோழரினின்று வேறுபட்டுத் தோன்ற விரும்பாமையால் இவர்கள் தொல்லையை மறைப்பர். தாய் தந்தையரோ அதனை மிகுத்தோ குறைத்தோ மதிப்பிடக்கூடும். ஆகவே, இவர்களைத் தனியே அமர்த்தி, அவர்தம் வாயிலிருந்தே விடை பெறுதல் நன்று.

நாழிகையும் முக்கியமானது. இந்நோயின் விறைப்பு காலையில் மிகுந்து, நடமாட நடமாடத் தளரும். முதற்பாட வேளைக்கு நாள்தோறும் தாமதமாக வந்து, எழுந்து நிற்கத் தயங்கும் மாணவன் பிற்பகலில் ஓடக் காணலாம். அவனைச் சோம்பேறி, நடிப்பவன் என்று இகழும் ஆசிரியர் நோயின் இயல்பையே குற்றமாக எண்ணித் தண்டிப்பவராகிறார்.

களப் பணியாளர் செய்யத்தக்கவை

மூன்று எளிய வினாக்கள் போதும். மூட்டிலோ தசையிலோ முதுகிலோ வலி அல்லது விறைப்பு உண்டா? பிறர் துணையின்றி உடுத்த இயலுகிறதா? படி ஏறி இறங்க இயலுகிறதா? இம்மூன்றும் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட, சில நிமிடங்களில் முடியும் ஒரு பரிசோதனையின் தொடக்க வினாக்கள். பின்னர் நடையையும், கைகளை உயர்த்துவதையும், விரல்களை மடக்குவதையும் காண வேண்டும். ஒரு மூட்டிலிருந்து மற்றொன்றுக்குச் சில நாள்களில் தாவும் வலி, வாதக் காய்ச்சலாக இருக்கலாம். அது இதயத்தைத் தாக்கவல்லது. ஒரே மூட்டில் நீடிக்கும் வீக்கம் காசநோயாகவும் இருக்கலாம். எதுவாயினும் மருத்துவரிடம் அனுப்புதலே கடமை. கண்ணில் சிவப்போ வலியோ இன்றியே உள்ளழற்சி தோன்றிப் பார்வையைக் கெடுக்கக்கூடுமாதலால், இந்நோயுற்றோர் கண் மருத்துவரிடமும் குறித்த காலத்தில் செல்லுதல் வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்கவை சிலவே. தரையில் அமர்த்தாது நாற்காலி தருதல், இடையிடையே எழுந்து நடக்க விடுதல், வகுப்பைக் கீழ்த்தளத்தில் அமைத்தல், தடித்த எழுதுகோல் அளித்தல் ஆகியன செலவு மிகாதவை. தகுதியுள்ள மாணவர்க்குத் தேர்வில் கூடுதல் நேரமும் எழுத்தர் உதவியும் வழங்கும் ஏற்பாட்டை 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்துள்ளது. விளையாட்டிலிருந்து அறவே விலக்குதல் தவறு. பயன்படாத தசை நலியும், மூட்டு மேலும் இறுகும்.

மெத்தோடிரெக்ஸேட் போன்ற மருந்துகளும், அண்மைக் காலத்து உயிரியல் மருந்துகளும் இந்நோயை அடக்க வல்லவை. அவற்றால் முழுப்பயன் பெற வேண்டுமாயின் மூட்டு சிதையுமுன் சிகிச்சை தொடங்க வேண்டும். நொண்டி நடக்கும் பிள்ளையை முதலிற் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். நாள்தோறும் வகுப்பில் அப்பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியரும், வீடுதோறும் செல்லும் களப் பணியாளருமே.