திரைக்குப் பின்னே – 14: இறக்கிய தாளில் உடையும் எழுத்து

கர்நாடகத்தில் நிலம் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்திலும் ‘பஹணி’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். நம் ஊர் சிட்டாவும் அடங்கலும் சேர்ந்து சொல்வதை அந்த ஒரே தாள் சொல்லிவிடும்: நிலம் யார் பெயரில், எவ்வளவு, என்ன பயிர், எந்த வங்கியில் கடன். முன்பெல்லாம் அதைக் கிராமக் கணக்கர் கையால் எழுதித் தருவார். அவர் மனம் வைத்தால்தான் தாள் கிடைக்கும்.

2000-ஆம் ஆண்டையொட்டி ‘பூமி’ திட்டம் இதை மாற்றியது. ஐ.ஏ.எஸ். அதிகாரி ராஜீவ் சாவ்லா முன்னின்று நடத்தினார். மென்பொருளைத் தேசியத் தகவலியல் மையம் எழுதியது. 177 தாலுகாக்களில் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடிப் பதிவுகள் கணினிக்குள் போயின. தாலுகா ஆபீஸ் கவுன்டரில் அன்று 15 ரூபாய் கட்டினால் அச்சிட்ட பஹணி கிடைத்தது. கையால் எழுதிய பஹணி இனிச் செல்லாது என்றும் அறிவித்தார்கள். அந்தத் திட்டத்தின் உயிரே அந்த அறிவிப்பில்தான் இருந்தது என்பேன். இன்று அதே பஹணியை வீட்டிலிருந்தே காசு கட்டி இறக்கிக்கொள்ளலாம்.

கவுன்டரில் எழுத்து சரியாக விழுந்ததா என்று பார்க்க ஓர் ஊழியர் இருந்தார். பிரவுசரில் இறக்கும்போது அந்தக் கண் இல்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பஹணி மட்டுமல்ல; வாடகை ஒப்பந்தம், மருந்துச் சீட்டு, மதிப்பெண் பட்டியல், ரசீது என்று பெங்களூரில் எழுதப்படும் செயலிகள் பலவும் ஏதாவதொரு தாளை இறக்கித் தருகின்றன. அதைச் செய்ய சர்வர்கூடத் தேவையில்லை. இணையப் பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட், உங்கள் கணினியின் நினைவகத்திலேயே கோப்பை உருவாக்கி, அதற்கு ஒரு தற்காலிக முகவரி கொடுத்து, ‘டவுன்லோடு’ பொத்தானோடு இணைத்துவிடும். உங்கள் விவரம் வெளியே போகாமலே தாள் கைக்கு வந்துவிடும். இது அருமையான வசதி, ஆங்கிலத்துக்கு.

தமிழுக்கு என்ன ஆகிறது? ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து என்று சேமிக்கிறது. காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும். குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல மென்பொருள். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் வளர்த்தெடுத்தது அது. அதனால் திரையில் எழுத்து அழகாகவே தெரியும். ஆனால் பிடிஎஃப் கோப்புக்குள் எந்த எழுத்துருவின் எந்த வடிவம், எந்த இடத்தில் என்பதை முன்பே முடித்து எழுத வேண்டும். பலரும் பயன்படுத்தும் ஜேஎஸ்பிடிஎஃப் போன்ற நிரல் நூலகம் பிரவுசரின் அந்தத் திறனைக் கேட்டு வாங்குவதில்லை. சேமித்த வரிசையிலேயே வடிவங்களை அடுக்குகிறது. தமிழ் எழுத்துருவைச் சேர்க்காவிட்டால் குப்பை எழுத்து. சேர்த்தாலும் கொம்பு இடம் மாறி நிற்கும். கன்னடத்தில் மெய்யின் கீழே தொங்க வேண்டிய ஒத்தெழுத்து, பக்கத்தில் தனியாக வந்து நிற்கும்.

இதற்குப் பலர் கண்ட குறுக்குவழி, திரையைப் படமெடுத்து அந்தப் படத்தைப் பிடிஎஃப்புக்குள் ஒட்டுவது. பார்க்கச் சரியாக இருக்கும். ஆனால் அதில் எழுத்தே இல்லை. பெயரைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது. பார்வையற்ற ஒருவரின் கணினி அதை வாசித்துக் காட்டவும் செய்யாது. இதை நான் ஏற்கவே மாட்டேன். ஒருவருடைய சான்றிதழை அவரே வாசிக்க முடியாமல் கொடுப்பது அநியாயம்.

சரியான வழிகள் கடினமானவையும் அல்ல. பக்கத்தை ஒழுங்காக வடிவமைத்து, பிரவுசரின் அச்சிடும் வசதி வழியாகவே பிடிஎஃப்பாகச் சேமிக்கச் சொல்லலாம். ஹார்ஃப்பஸ் அங்கே வேலை செய்துவிடும். சர்வரில்தான் உருவாக்க வேண்டுமென்றால், 2017 முதல் குரோமைத் திரை இல்லாமலே இயக்க முடிகிறது. திருத்தி எழுத வேண்டிய கடிதமா? வேர்டு கோப்பாகக் கொடுங்கள். டாக்எக்ஸ் என்பது எக்ஸ்எம்எல் கோப்புகளை ஜிப்பாகக் கட்டிய பொட்டலம். அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். கூட்டெழுத்தைக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பட்டாவோ பஹணியோ ரசீதோ இறக்கினால், கோப்பைத் திறந்து உங்கள் பெயரை அதில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அதைக் கொடுத்த அலுவலகத்துக்கோ நிறுவனத்துக்கோ ஒரு புகார் எழுதுங்கள்.