வீட்டில் விளக்கு எரியும், மீன் தொட்டியில் மூச்சு முட்டும்... தெரியுமா?

வீரசோழன் என்ற ஊரில் ஒரு கோடை ராத்திரி. ஹாலில் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, டி.வி. ஓடுகிறது. மூலையில் இருக்கும் மீன் தொட்டி மட்டும் சத்தமே இல்லாமல் கிடக்கிறது! போனது முழு கரண்ட் இல்லை, ஒரு பேஸ்தான். மீனுக்கு அதுதான் பெரிய ஆபத்து, தெரியுமா? முழுசாகப் போனால் வீடே விழித்துக்கொள்ளும். பாதி போனால் தொட்டிப் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள்.

த்ரீ பேஸ் வீட்டில் ஆளுக்கொரு பக்கமாக மூன்று பேஸும் பிரிந்து ஓடும். டிரான்ஸ்பார்மரில் ஒரு பீஸ் போனால் அந்தப் பக்கம் மட்டும் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் வீட்டிலும் இதே கதைதான். லைட்டுக்கும் ஃபேனுக்கும் லைன் கொடுத்திருப்பார்கள், தொட்டியின் பிளக் விட்டுப்போயிருக்கும்.

அந்தக் குட்டி ஏர் பம்ப்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே காந்தம் வைத்த ஒரு கை, நொடிக்கு 50 தடவை ஆடி ரப்பர் சவ்வை அமுக்குகிறது. நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் தாளம் அப்படியே! ராத்திரியில் கேட்கும் ரீங்காரம் அதுதான். குமிழியிலிருந்து நேராகத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் கொஞ்சமே. அடித் தண்ணீரை மேலே தூக்கிக் காற்றைத் தொட வைப்பதுதான் அதன் பெரிய வேலை.

இங்கேதான் நம் வெயில் வில்லன்! 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. போதாக்குறைக்கு, இருட்டில் தொட்டிச் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கும்!

தங்கமீன் ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் உடம்பில் ஆல்கஹால் உண்டாக்கிச் சமாளிக்கும் என்றால் நம்புவீர்களா? உண்மை! ஆனால் குளிர்ந்த நீரில்தான் அந்த வித்தை நெடுநேரம் செல்லும். ஃபைட்டர் மீனுக்குக் கவலை குறைவு, மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். நம் கண்மாய் விராலும் அப்படித்தான், பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, அந்தக் கெண்டை பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதியது 1797-ல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வெளியானது!

இன்னொன்று. பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னால் இறங்கி பம்ப்புக்குள் போகும். நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று மாட்டினால் தீர்ந்தது. மூடிய ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாவும் மூச்சடைத்துச் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே போட்டுவிடாதீர்கள், தேங்கிய நாற்றத் தண்ணீர் மொத்தமும் மீன் மேல் பாயும். பிளக்கைப் பிடுங்கி, ஸ்பாஞ்சைத் தனியே மொண்ட தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தால் தாமதிக்காதீர்கள். ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். இரை போடவே வேண்டாம், ஒருநாள் பட்டினி மீனை ஒன்றும் செய்யாது. பவர் பேங்க்கில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று கைவசம் இருந்தால் இன்னும் நல்லது.

இன்வெர்ட்டர் வீடென்றால், இன்றைக்கே மெயினை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். லைட் எரிந்து தொட்டி மட்டும் நின்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கச் சொல்லுங்கள்.