பழைய வீடு வாங்கி வாடகைக்கு விடப் போகிறீர்களா?

கையில் சேர்ந்த பணத்தை எதில் போடலாம் என்ற கேள்வி இப்போது நம் பெண்களிடமிருந்தும் வருகின்றது. மஹராகக் கிடைத்த நகையை விற்ற பணம், மத்திய கிழக்கில் வருடக்கணக்கில் உழைத்த பணம், கணவர் மௌத்தான பின் பங்காக வந்த பணம் என அது பலவிதமாக இருக்கும். வங்கியில் இட்டு வட்டி எடுக்க மனம் இடம் கொடாது. வியாபாரத்தில் இறக்கிப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. "ஒரு பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் மாதா மாதம் ஏதும் வருமே" என்ற எண்ணம் அப்போது பிறக்கின்றது. நல்ல எண்ணந்தான். வாடகை ஹலாலான வருமானம். ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்று அதற்குத் தனிப் பாடமே இருக்கின்றது.

ஆனால், சகோதரிகளே, பக்கத்து வீடுகளைவிட மலிவாக ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால் அது ஏன் மலிவு என்பதை முதலில் கேட்டறியுங்கள். அநேகமாக மூன்றில் ஒன்று காரணமாயிருக்கும்: வீட்டின் பங்காளிகள் எல்லோரும் கையொப்பமிடவில்லை, அல்லது உள்ளே ஒருவர் பல்லாண்டாகக் குடியிருக்கிறார், அல்லது கூரை போய்விட்டது. இவற்றுள் கூரைதான் இலேசானது. அதைப் பணத்தால் சரிசெய்யலாம்.

பங்காளிகள் விடயத்தை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். தெமட்டகொடையிலோ காலியிலோ வாப்பாவின் பெயரில் ஒரு பழைய வீடு இருக்கின்றது. வாப்பா மௌத்தாகிவிட்டார். மனைவி, இரண்டு ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள் உயிரோடிருக்கிறார்கள். வீட்டை 48 பங்காக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 6 பங்கு. எஞ்சிய 42இல் ஆண் மக்களுக்கு 14 வீதம் 28. பெண் மக்களுக்கு 7 வீதம் 14. இப்போது மகன்மார் இருவரும் சேர்ந்து, "தங்கச்சிமாருக்குக் கலியாணத்தின்போதே கொடுத்தாயிற்று" என்று சொல்லி முழு வீட்டையும் உங்களுக்கு எழுதித் தருகிறார்கள். நீங்கள் முழு விலையையும் கொடுக்கிறீர்கள். உங்களுக்கு வந்தது 28 பங்குதான். உம்மாவினதும் பெண் மக்களினதும் 20 பங்கு அவர்களிடமே இருக்கின்றது. கலியாணத்தில் கொடுத்தது அன்பளிப்பு. வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்த அன்பளிப்பு, அவர் மௌத்தான பின் உண்டாகும் வாரிசுரிமையை அழிக்காது.

இது மார்க்கம் மட்டும் சொல்லும் விடயமென்று எண்ணிவிடாதீர்கள். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமிலா வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மரண சாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவருடைய மத்ஹபின்படியே வாரிசுகளைச் சேரும் என்கின்றது. ஆகவே அந்தப் பெண் மக்கள் நாளை நீதிமன்றம் சென்றாலும் அவர்களுக்குப் பங்குண்டு. போகாவிட்டாலும் நீங்கள் வாங்கும் வாடகையில் அவர்களுடைய பணம் கலந்திருக்கும். காலம் கடந்துவிட்டது என்பதால் மார்க்கத்தில் ஒருவரின் ஹக்கு இல்லாமற் போவதில்லை.

ஆகவே வீட்டின் உறுதியைப் பார்க்குமுன் குடும்பத்தின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். யார் மௌத்தானார், எப்போது, அப்போது யார் யார் உயிரோடிருந்தார் என்று கேளுங்கள். பெண்ணாகிய உங்களுக்கு இதில் ஒரு வசதியுண்டு: அந்த வீட்டுப் பெண்களோடு நீங்களே நேரில் உட்கார்ந்து பேசலாம். அவர்கள் தமது பங்கை விற்கிறார்களா, விட்டுக்கொடுக்கிறார்களா, அல்லது நானாமாருக்குப் பயந்து தலையாட்டுகிறார்களா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விற்பவர்களாயின் உறுதியில் அவர்களும் ஒப்பமிட்டு, பணத்தை அவர்கள் கையிலேயே பெறட்டும். பிரிக்கப்படாத சொத்தில் ஒருவர் தம் பங்கை வெளியாளுக்கு விற்குமுன் கூட்டுப் பங்காளிக்கு அறிவிக்க வேண்டுமென்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். 'ஷுஃப்ஆ' என்ற அந்த உரிமை, அறியாமல் விற்கப்பட்ட பங்கை அதே விலைக்கு மீட்டெடுக்கும் வாய்ப்பைப் பங்காளிக்குக் கொடுக்கின்றது.

உறுதியை உங்களுக்கென நீங்கள் அமர்த்திய சட்டத்தரணி பார்க்க வேண்டும். விற்பவரின் நொத்தாரிசே இருவருக்கும் பார்ப்பார் என்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. காணிப் பதிவகத்துப் பதிவேடுகள், நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டுகள், வீதிக்கோடு வீட்டினூடே போகின்றதா என்ற விபரம் ஆகியன அவர் பார்க்க வேண்டியவை. இன்னும் இரண்டைக் கேட்டு வையுங்கள். ஒன்று, வீடு வக்ஃபு சொத்தா என்பது. கொழும்பு போன்ற பழைய நகரங்களில் பள்ளிவாசலுக்கென முன்னோர் வக்ஃபு செய்த வீடுகளும் கடைகளும் உண்டு. வக்ஃபை எவரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அவற்றுக்குப் பதிவு உண்டு, அங்கே விசாரிக்கலாம். மற்றது, 1973ஆம் ஆண்டின் வீடமைப்பு உச்சவரம்புச் சட்டத்தால் தேசிய வீடமைப்பு ஆணையாளரைச் சேர்ந்த வீடா என்பது. கொழும்பின் பழைய வரிசை வீடுகளில் இதை மறந்துவிடலாகாது.

இனி உள்ளே குடியிருப்பவர். வீட்டை வாங்கிய மறுமாதமே அவரை எழுப்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு வாங்கி வருடக்கணக்கில் வழக்குப் பேசியவர்கள் நம் சமூகத்தில் ஏராளம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்குப் பலமான பாதுகாப்பளித்தது. "எனக்கே குடியிருக்க வீடு வேண்டும்" என்று வீட்டுக்காரர் வழக்கிட இடமளித்த அதே சட்டம், குடியிருப்பாளர் வந்தபின் வீட்டை விலைக்கு வாங்கியவருக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. பெற்றோரிடமிருந்தோ கணவன் மனைவியிடமிருந்தோ வந்த சொத்துக்கே விலக்கு இருந்தது. அச்சட்டம் பின்னர் திருத்தப்பட்டிருக்கின்றது; எல்லா வீடுகளுக்கும் ஒரே விதி அல்ல. நீங்கள் பார்த்திருக்கும் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை முற்பணம் கொடுக்குமுன் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நமது ஷாஃபிஈ மத்ஹபும் இதில் பராமுகமாக இல்லை. குத்தகையிலிருக்கும் வீட்டை விற்கலாம். ஆனால் விற்பனையால் குத்தகை முறியாது. தவணை முடியும்வரை குடியிருப்பவர் குடியிருப்பார். குத்தகையில் இருப்பது தெரியாமல் வாங்கியவருக்குக் கொள்முதலை இரத்துச் செய்யும் தெரிவு உண்டு. தெரிந்து வாங்கியவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்காக, தவணை முடிந்தும் ஐம்பது வருடத்துக்கு முந்திய வாடகையைக் கொடுத்துக்கொண்டு வீட்டுக்காரரின் பொருத்தமின்றி இருந்துகொள்ளலாம் என்று குடியிருப்பாளரும் ஆறுதலடைய வேண்டாம். சட்டம் காப்பாற்றுவது வேறு, ஹலாலாவது வேறு.

ஆக, குடியிருப்பாளரோடு வீடு வாங்குவதாயின் அவருடன் முதலில் பேசுங்கள். அவருக்கு ஒரு தொகை கொடுத்து இணக்கமாக எழுப்புவதாயின் அத்தொகையையும் வீட்டின் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு அங்கேயே மறைந்துவிடும்.

கட்டடத்தைப் பார்க்கப் போவதற்கு நல்ல நேரம் மழை நேரம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரத்து மழை கொட்டி ஓய்ந்ததும் போய்ப் பாருங்கள். புதிதாக வர்ணம் பூசிய சீலிங்கைக் கண்டு மகிழ வேண்டாம். ஓர் அறைக்கு மட்டும் புது வர்ணமென்றால் அங்கேதான் ஒழுகியிருக்கும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையைவிட்டு உள்ளே ஈரமிருந்ததைக் கண்டு விற்றவரைக் கண்டித்தார்கள் அல்லவா? வர்ணத்துக்குள் ஒளிந்த ஈரமும் அதே வகைதான். விற்பவர் குறையைச் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டால் கொள்முதலை முறிக்கும் உரிமை வாங்கியவருக்கு மார்க்கத்தில் உண்டு. பணம் கைமாறிய பின் அதைப் பெறுவதுதான் கடினம்.

நம்பிக்கையான மேசன் பாஸ் ஒருவரையும் தச்சு வேலை தெரிந்தவரையும் கூலி கொடுத்தே அழைத்துச் செல்லுங்கள். கைமரங்களும் வளைகளும் சுவரில் அமரும் முனைகளை ஒரு ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கறையானும் உக்கலும் தொடங்குவது அங்கேதான். நடுக்கூரையைப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை.

பழைய கபொக் கல், சுண்ணாம்புச் சுவர்களில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். அடிச்சுவரில் ஈரம் ஊறுகின்றது என்று சீமெந்து பூசி இறுக்கிவிடுகிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் மேலே ஏறும், சில காலத்தில் பூச்சு பொருமிக் கழன்றுவிடும். முதலில் ஈரம் வரும் வழியைப் பாருங்கள்: உடைந்த பீலி, முற்றத்துத் தண்ணீர் சுவரடியில் தேங்குவது, சுவருக்குள் ஓடும் பழைய இரும்புக் குழாய். அதை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே பூசுங்கள்.

மின்சார வயரிங் விடயத்தில் சிக்கனம் வேண்டாம். மரச் சட்டத்துக்குள் ஓடும் பழைய கம்பிகளும், எர்த் இல்லாத பிளக்குகளும், ட்ரிப் சுவிட்ச் இல்லாத பலகையும் இருந்தால் குடியிருப்பாளர் வருமுன் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். குளியலறையில் ஹீட்டர் போடும் காலமிது. பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளை உலர்ந்தபடி உடைக்கவோ அறுக்கவோ விடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. நனைத்துத்தான் கழற்ற வேண்டும். பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பொறுப்புக் கேட்கும்.

வாடகைக்கு விட்டபின் திருத்த வேலை யார் மீது? நமது அரபுக் கல்லூரிகளில் அறியப்பட்ட, இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கு நேரடியான பதில் உண்டு. சாவியை ஒப்படைப்பதும் வீட்டைத் திருத்துவதும் வீட்டுக்காரர் கடமை. அவர் செய்யாவிட்டால் குத்தகையை முறிக்கும் தெரிவு குடியிருப்பாளருக்கு உண்டு. கூரையில் விழும் பனியை அகற்றுவது வீட்டுக்காரர் மீது, முற்றத்துக் குப்பை கூட்டுவது குடியிருப்பாளர் மீது என்றுகூட அங்கே பிரித்திருக்கிறார்கள். திமிஷ்கில் பனி விழும். நமக்குப் பனியில்லை, பீலியில் பலா இலை இருக்கின்றது.

"வாடகை வேண்டாம், நீங்களே வீட்டைத் திருத்திக்கொண்டு இருங்கள்" என்று சிலர் நல்லெண்ணத்தோடு பேசிவிடுகிறார்கள். அது கூடாது. திருத்தச் செலவு எவ்வளவென்று இருவருக்கும் தெரியாது; வாடகை அறியப்பட்ட தொகையாக இருக்க வேண்டும். மாதம் இவ்வளவு என்று தீர்மானித்துவிட்டு, அதிலிருந்து செலவழிக்கக் குடியிருப்பாளருக்கு அனுமதி கொடுத்து, பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். சச்சரவு வராது.

அட்வான்ஸ் பணத்தில்தான் அநேகர் சறுக்குகிறார்கள். "பத்து இலட்சம் அட்வான்ஸ் தருகிறேன், வாடகையைப் பாதியாக்குங்கள்" என்பார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தை வாங்கிச் செலவழித்தால் அது கடன். கடன் கொடுத்ததற்காக வாடகை குறைந்தால் அது கடனுக்குக் கிடைத்த இலாபம். பெயர் மாறினாலும் வட்டிதான். ஒற்றிக்கு வீடு எடுத்து, கொடுத்த பணம் திரும்பும்வரை சும்மா குடியிருப்பதும், அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதும் இதே கணக்கில்தான் சேரும். முற்பணம் வாடகையாகவே மாதா மாதம் கழிந்தால் குற்றமில்லை. குடியிருப்பாளர் வெளியேறும்போது மங்கிய வர்ணத்துக்கும் தேய்ந்த நிலத்துக்கும் அட்வான்ஸில் கழிக்காதீர்கள். அவர் அமானிதம் காப்பவர்; கவனயீனத்தால் உடைத்ததற்கே பொறுப்பு.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தக்காரரென்றும் தெரிந்தவரென்றும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். உங்கள் பணத்தில் வாங்கும் வீட்டின் உறுதியும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மனைவியின் பொருள் மனைவியினுடையது. கணவர் கோபித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வருமானத்தையும் சற்றுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு கோடியே 20 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய வீட்டுக்கு மாதம் 45,000 வாடகை என்று வைப்போம். வருடத்துக்கு 540,000. இரண்டு மாத வாடகையைத் திருத்தத்துக்கென ஒதுக்குங்கள், 90,000. ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடக்கும், 45,000. சோலைவரியும் சில்லறைச் செலவும் 25,000 எனில் மிஞ்சுவது 380,000. நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல்தான். பழைய வீட்டில் முதல் இரண்டு வருடம் இதுவும் மிஞ்சாது. ஆகவே கைப்பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், திருத்த வேலைக்கென ஒரு பகுதியை வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

ஸகாத்தைப் பலரும் கேட்கிறார்கள். வாடகைக்கு விட்ட வீட்டின் பெறுமதிக்கு ஸகாத் இல்லை. வாடகைப் பணம் செலவு போக மிஞ்சி, நிஸாபை அடைந்து ஒரு வருடம் கையில் நின்றால் அதற்கு நூற்றுக்கு இரண்டரை. விலையேறியதும் விற்று இலாபம் எடுக்கும் நோக்கத்தோடு வாங்கிய வீடாயின் அது வியாபாரப் பொருள். ஒவ்வொரு வருடமும் அன்றைய பெறுமதிக்கே ஸகாத் கணக்கிட வேண்டும். எந்த நோக்கத்தில் வாங்குகிறீர்கள் என்பதை வாங்கும் நாளிலேயே தீர்மானித்து, வீட்டுக் கணக்குக் கொப்பியின் முதற் பக்கத்தில் திகதியோடு எழுதி வையுங்கள்.