பதினோரு வாரமாகச் சாப்பிடாத பாம்பு

மார்கழியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு பெங்களூரிலிருந்து தம்பி மகன் போன் பண்ணினான். "பெரியப்பா, மணி சாப்பிட்டு பதினோரு வாரம் ஆச்சு. நாளைக்கு வாயைத் திறந்து எலியை உள்ளே தள்ளிடலாம்னு இருக்கேன். யூடியூப்ல வீடியோ இருக்கு."

மணி அவன் வளர்க்கும் பாம்பு. பால் பைதான் இனம். ஸ்பீக்கரில் பாதி கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, "பேர்லயே பால் இருக்கே, ஒரு கிண்ணத்துல வெச்சா குடிக்காதா?" என்றார். அது இங்கிலீஷ் 'பால்', பந்து என்று அர்த்தம், பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பேர் என்று விளக்கினேன். "அப்ப பயத்துல சாப்பிடாம இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அடுத்த பத்து நாள் நான் தேடித் தேடிப் படித்ததில் பாதி விஷயம் அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

அவனிடம் சொன்னது ஒன்றுதான்: "நாளைக்கு எதுவும் பண்ணாதடா. எனக்கு ரெண்டு நாள் குடு."

நான் கால்நடை மருத்துவர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாகக் கோடு எழுதுகிறவன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. ஒன்பதாவது படிக்கும்போது செம்பருத்திச் செடியிலிருந்து ஒரு பச்சைப்பாம்பைப் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்தேன். மூடியில் ஓட்டை போட்டேன், பூச்சி போட்டேன், பால் ஊற்றினேன். எதையும் தொடவில்லை. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, குச்சியால் வாயைத் திறந்து ஒரு கரப்பானைத் தள்ளினேன். மறுநாள் காலை செத்துக் கிடந்தது. பச்சைப்பாம்பு தவளையும் ஓணானும் தின்கிற பாம்பு, கரப்பான் அதற்குச் சாப்பாடே இல்லை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லபாம்பு, சாரை, பச்சைப்பாம்பு, நம் மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைதான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு. சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், 2022-இல் திருத்திய சட்டப்படியும் 2024-இல் வந்த விதிகள்படியும் பதிவு செய்துதான் வைத்துக்கொள்ள வேண்டும். தம்பி மகனிடம் நான் கேட்ட முதல் கேள்வியே "பேப்பர் இருக்கா?" என்பதுதான். இருந்தது. இதைக் கேட்பதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. அப்படித் தண்ணீரில்லாமல், நசுங்கி வரும் பாம்பு சாப்பிட மறுத்தால் கதையே வேறு. உள்ளே ஒட்டுண்ணி இருக்கலாம், நுரையீரலில் நோய் இருக்கலாம். அதற்கு டாக்டர்தான் வழி.

சரி, பதினோரு வாரம் ஒரு பிராணி சாப்பிடாமல் இருக்க முடியுமா? 2007-இல் மார்ஷல் மக்யூ என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மூன்று வகைப் பாம்புகளைச் சுமார் ஆறு மாதம் உணவில்லாமல் வைத்துப் பார்த்தார். அதில் ஒன்று பால் பைதான். ஓய்வில் இருக்கும்போது செலவாகும் சக்தியை அவை 72% வரை குறைத்துக்கொண்டன. அதைவிட ஆச்சரியம், பட்டினிக்கு நடுவிலும் நீளத்தில் வளர்ந்தன.

மலைப்பாம்பு வகைகள் தேடி அலைகிற வேட்டைக்காரர்கள் இல்லை. ஒரே இடத்தில் கிடந்து, வருவதைப் பிடிக்கும். அடுத்த சாப்பாடு எப்போது என்று தெரியாத பிழைப்பு. அதனால் வேலையில்லாத நேரத்தில் குடலையே சுருக்கி மூடி வைத்துவிடும். ஸ்டீபன் செகோரும் ஜாரெட் டயமண்டும் (ஆமாம், 'கன்ஸ், ஜெர்ம்ஸ் அண்ட் ஸ்டீல்' எழுதிய அதே டயமண்ட்) பர்மிய மலைப்பாம்புகளில் இதை அளந்தார்கள். பெரிய இரை ஒன்றை விழுங்கியதும் உடலின் சக்திச் செலவு 44 மடங்கு வரை ஏறுகிறது. குடல், கல்லீரல் எல்லாம் பெருக்கின்றன. இரண்டே நாளில் இதயம் 40% பெரிதாகிறது என்று 2005-இல் இன்னொரு குழு காட்டியது. வேலை முடிந்ததும் எல்லாம் மறுபடி சுருங்கிவிடும். என் தொழில்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், டிராஃபிக் இல்லாதபோது சர்வரை அணைத்து வைத்து, ரிக்வெஸ்ட் வந்தால் மட்டும் எழுப்புகிற ஏற்பாடு.

இந்த எழுப்புதலுக்குச் சூடு வேண்டும், இங்கேதான் விஷயம் இருக்கிறது. பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கி வைத்துக்கொள்ளாது. தரை 23 டிகிரி என்றால் பாம்பும் கிட்டத்தட்ட 23 டிகிரிதான். அந்தக் குளிரில் செரிமானம் ஓடாது, விழுங்கிய எலி வயிற்றுக்குள் அழுக ஆரம்பிக்கும். குளிர்ந்த பாம்பு சாப்பிட மறுப்பது அதன் நல்லதுக்குத்தான். அதன் வாயைப் பிளந்து எலியைத் திணிப்பது, பாம்பு சரியாக எடுத்த முடிவை நாம் உடைப்பது. கக்கிவிட்டால் அதுவே அதிர்ஷ்டம். அதனால் "எப்படிச் சாப்பிட வைப்பது" என்கிற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, "இப்போது சாப்பிட்டால் அதனால் செரிக்க முடியுமா" என்று பார்க்கச் சொன்னேன்.

"ஹீட்டர்லாம் இருக்கு பெரியப்பா. 32 காட்டுது" என்றான். பக் தேடுகிறவனுக்கு இந்த மாதிரி பதில் வந்தாலே சந்தேகம்தான். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டுவார்களே, அந்தத் துப்பாக்கி வீட்டில் கிடக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பல மாடல்களில் உடம்புக்கு ஒன்று, பொருளின் மேற்பரப்புக்கு ஒன்று என்று இரண்டு மோடு உண்டு, இரண்டாவதில் வைக்க வேண்டும். பாம்பு படுத்திருந்த இடத்தில் 23. தெர்மோஸ்டாட்டின் சென்சார் ஒயர் எப்போதோ நழுவி, தொட்டிக்கு வெளியே ஹீட்டிங் பேடையே ஒட்டிக்கொண்டு தொங்கியது. அது தன் சூட்டையே அளந்து, எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெங்களூரில் மார்கழி ராத்திரி 15, 16 டிகிரிக்குப் போகும். பால் பைதானுக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 31-லிருந்து 33 வரை வேண்டும், இன்னொரு பக்கம் 26 மாதிரி. நடுவில் தனக்குத் தோதான இடத்தை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, அம்மா சொன்ன பயம். அக்டோபரில்தான் வீடு மாறியிருக்கிறான். புது வீட்டில் தொட்டி ஹாலில், டிவி பக்கத்தில். நாலு பக்கமும் கண்ணாடி. ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குகை, அதுவும் பாம்பைவிட மூன்று மடங்கு பெரிது. நண்பர்கள் வந்தால் கையில் எடுத்துக் காட்டுவது வேறு.

இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது வடநெம்மேலி. மகாபலிபுரம் போகிற வழியில், முதலைப் பண்ணைக்குள் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு தொடங்கியது. பாம்புக்கடி மருந்துக்கான விஷம் எடுக்கிற இடம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகையைப் பிடித்து வந்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் போட்டு மறுபடி காட்டில் விடுவார்கள். பாம்புகளை வைத்திருப்பது கண்ணாடித் தொட்டியில் இல்லை, மண்பானையில். வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். உள்ளே இருட்டு, உடம்பு சுவரில் உரசும், பானை ஈரத்தையும் சமமாக வைக்கும். பாம்புக்கு அது ஒரு வளை. தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள் கண்டுபிடித்தது இது. நாம் பாம்பைப் பார்க்க ஆசைப்பட்டுக் கண்ணாடி போடுகிறோம்.

பொங்கலுக்கு வந்தவன் கையில் திருவண்ணாமலையில் வாங்கிய இரண்டு மண்சட்டிகளைக் கொடுத்து அனுப்பினேன். விளிம்பில் பாம்பு நுழைகிற அளவுக்குக் கொஞ்சம் உடைத்து, கூர் போக உரசிவிட்டு, கவிழ்த்து வைக்க வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒரே ஒரு சட்டி வைத்தால் பாம்பு சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வரும், பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் எடுக்கும். தொட்டியைப் படுக்கையறைக்கு மாற்றி, மூன்று பக்கம் அட்டை ஒட்டி, இரண்டு வாரம் கையில் எடுக்கவே கூடாது என்று சொன்னேன். அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

பால் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். நான் இருப்பது ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெரு. மழைக்காலத்தில் சாரை வராத வீடு குறைவு. இங்கே பாம்பை அடிக்கக் கை நீளுவது மற்ற ஊரைவிடக் கொஞ்சம் குறைவு என்பது என் கணிப்பு. மலையில் இருந்த காலத்தில் பாம்புகளைக் கொல்ல ரமணர் விடவில்லை, அவை இருக்கும் இடத்துக்கு நாம்தான் வந்திருக்கிறோம் என்றார் என்பது ஊரறிந்த கதை. ஆனால் அந்த அன்பு புற்றில் பால் ஊற்றுவதில் போய் முடிகிறது. பாம்புக்குப் பாலைச் செரிக்க முடியாது. பாம்பாட்டி காட்டும் பாம்பு பால் குடிக்கிறது என்றால், அதைப் பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூச்சுக்குழாயில் பால் போனால் நிமோனியா வரும். பால் பைதானின் சொந்த ஊர்ப் பக்கம், பெனின் நாட்டின் ஊய்தாவில், இதே பாம்புக்கு ஒரு கோவில் இருக்கிறது. அங்கே பாம்புகளை ராத்திரி வெளியே விட்டுவிடுவார்களாம், ஊருக்குள் போய் எலி பிடித்துக்கொள்ளட்டும் என்று. வழிபாட்டில் இது எனக்குப் பிடித்த முறை. பட்டினி கிடக்கும் பாம்புக்குத் தேவை நல்ல தண்ணீர், எப்போதும்.

எலியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பால் பைதானின் உதட்டோரம் சின்னச் சின்னக் குழிகள், அவை வெப்பத்தை உணரும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து அரைகுறையாக உருக்கிய எலி அதற்குக் கல்லு மாதிரி. நன்றாக உருக வைத்து, பிறகு வெந்நீரில் வைத்து உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, விளக்கணைத்த பிறகு நீளமான இடுக்கியில் காட்ட வேண்டும். பாம்பின் உடம்பு எங்கே தடிமனோ அந்தத் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. எடுக்கவில்லையா, வெளியே எடுத்துவிட்டுப் பத்து நாள் மறந்துவிட வேண்டும். தினமும் காட்டுவது தொந்தரவுதான். உயிரோடு எலியை விடுவது ரொம்பத் தப்பு, பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்.

சாப்பிடாததற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. கண் நீலம் பாய்ந்து மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது, அப்போது சாப்பிடாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்புகள் மாதக்கணக்கில் மறுக்கும். மணி ஆண். முட்டையை அடைகாக்கும் பெண் பாம்பும் அப்படித்தான்.

எது சாதாரணம், எது ஆபத்து என்று எடைதான் சொல்லும். வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசு போதும். அக்டோபரில் மணி 1100 கிராம். போன் வந்த அன்று 1040. ஐந்தரை சதவீதம். பத்தைத் தாண்டினால் டாக்டர் என்று பேசி வைத்துக்கொண்டோம். எடை எப்படி இருந்தாலும் உடனே போக வேண்டிய அறிகுறிகள் உண்டு: வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கில் நுரை, ஈறில் புண், முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிவது, கக்குவது. குழாய் வழியாக ஊட்டுவதென்றால் அதை அவர்தான் செய்ய வேண்டும்.

தையில் மூன்று தடவை காட்டினான், மூன்றும் குப்பைக்குப் போயின. ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன். உண்மையைச் சொன்னால் மூன்றாவது தடவை எனக்கே ஹார்லிக்ஸ் பாட்டில் கண்ணில் வந்தது. எடை 1020-க்கு வந்து அங்கேயே நின்றது. மாசி மகத்துக்கு மறுநாள், 21-வது வாரம், ராத்திரி ஒன்றே காலுக்கு வாட்ஸ்அப் வந்தது. சட்டிக்குள்ளிருந்து தலை மட்டும் வெளியே, வாயில் எலியின் வால்.

காலையில் கூப்பிட்டு, "இன்னொன்னு குடுக்கட்டுமா, பாவம் பசியா இருக்கும்" என்றான். வேண்டாம் என்றேன். இத்தனை நாள் மூடிக் கிடந்த குடல் இப்போதுதான் திறந்திருக்கிறது. சின்ன எலி, பத்து நாள் இடைவெளி, இரண்டு நாளைக்குத் தொடவே கூடாது, சூடு குறையக் கூடாது. சென்சார் ஒயரை டேப் போட்டு ஒட்டியிருக்கிறானா என்று போட்டோ அனுப்பச் சொன்னேன். ஒட்டியிருந்தான்.