நமக்கு 131-வது ஸ்தானம்

ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட உலகப் பொருளாதார மன்றம், 2006-ம் வருஷம் முதற்கொண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளந்து தேசங்களை வரிசைப்படுத்தி வருகிறது. 2024-ல் 146 நாடுகளில் நமக்கு 129-வது ஸ்தானம். 2025-ல் 148 நாடுகளில் 131-வது ஸ்தானம். அண்டை நாடான வங்காள தேசம் அவ்வருஷம் 24-வதாக நின்றது. இதைக் கேட்டு நம்மவரில் ஒரு சாரார் தலைகுனிகின்றனர். மற்றொரு சாரார், நம்மை அளக்க அந்நியன் யார் என்று சீறுகின்றனர். அளவுகோலைக் கையிலெடுத்துப் பார்ப்பவர் சிலரே.

அதில் குறைகள் உண்டு. அரசியல் பகுதியில் பார்லிமெண்டு அங்கத்தினரையும் மந்திரிகளையும், கடந்த 50 வருஷங்களில் எத்தனை வருஷம் ஒரு பெண் ராஜ்யத் தலைமை வகித்தாள் என்பதையும் எண்ணுகிறார்கள். டாக்காவுக்குக் கிடைத்த மதிப்பெண்ணின் ரகசியத்தில் பாதி இதுவே. 2016-ம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டின் உள்ளாட்சி ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2021 அக்டோபரில் தென்காசி ஜில்லாவின் ஊராட்சிகளுக்கும் அவ்விதமே தேர்தல் நடந்தது. ஜெனீவாவின் கணக்கில் இதற்கு இடமில்லை. ஆனால் 2024-ல் லோக் சபைக்கு நாம் தேர்ந்தெடுத்த 543 பேரில் பெண்கள் 74 பேர்தான் என்பது எந்த அந்நியனும் கட்டிய கதையன்று.

இதனினும் விசித்திரமான ஒன்றுண்டு. சமமான வேலைக்குச் சமமான கூலி கிடைக்கிறதா என்பதை அறிய, அம்மன்றம் கம்பெனிகளை நடத்துவோரிடம் வினாப்பத்திரம் அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறது. கூலி கொடுப்பவரைக் கேட்டுக் கூலி வாங்குபவளின் நிலையை நிர்ணயிக்கும் இம்முறையை நம் ஊர்ப் பஞ்சாயத்தார்கூட ஒப்பமாட்டார்கள்.

வாங்குபவள் எங்கே இருக்கிறாள்? சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வரும் அன்பர்கள் பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம் வழியே செல்லும்போது சற்றே திரும்பிப் பார்த்தால் போதும். (பேரருவியில் பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்கியிருப்பதைக் கண்டே சமத்துவம் வந்துவிட்டதாக மகிழ்வோரும் உளர், அவர்களும் பார்க்கலாம்.) திண்ணையிலும் வாசற்படியிலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். இலையும் தூளும் கடையிலிருந்து வருகின்றன. இலையை நனைத்து, வெட்டி, சுற்றி, நூல் கட்டி, 1000 பீடி முடிப்பதற்குள் பகற்பொழுது பெரும்பாலும் போய்விடும். உலை வைப்பதும் தண்ணீர் பிடிப்பதும் இதற்கு நடுவிலேதான். சர்க்கார் 2024-ல் எடுத்த நேரக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்வோரில், அதில் கூலியின்றிக் கழியும் நேரம் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 289 நிமிஷம். ஆணுக்கு 88 நிமிஷம். சுற்றிய பீடி கடைக்குப் போனதும், சரியில்லாதவை கழிக்கப்படும். கழித்ததற்குக் கூலி இல்லை.

அந்தக் கழிவைப் பற்றியே சுப்ரீம் கோர்ட்டு 1985-ல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வீட்டிலிருந்து பீடி சுற்றுவோருக்கு வருங்கால வைப்பு நிதி உண்டா என்பது விவகாரம். அவர்கள் நம் ஆட்களல்லர் என்று வாதாடிற்று கம்பெனி. சரியில்லாததைக் கழிக்கும் உரிமை உன்னிடம் இருக்கிறபடியால் வேலையை நடத்தும் அதிகாரமும் உன்னிடமே இருக்கிறது, ஆகையால் அவர்கள் உன் தொழிலாளரே என்றது நீதிஸ்தலம். சட்டம் பயின்றவர் மெச்சத்தக்க தர்க்கம் இது.

ஆனால் சர்க்காரின் தொழிற்படை ஆய்வோ, பொருளை வாங்கிச் சென்று வீட்டில் செய்து கொடுப்போரைச் சுயதொழில் செய்வோர் என்றே எழுதுகிறது! வேலையிலுள்ள அல்லது வேலை தேடும் பெண்களின் விகிதம் 2017-18ல் நூற்றுக்கு 23.3 ஆக இருந்து 2023-24ல் 41.7 ஆக உயர்ந்தது என்று பெருமை பேசப்படுகிறது. அதே 2023-24ல், வேலை செய்த பெண்களில் நூற்றுக்கு 67 பேருக்கு மேல் சுயதொழிலினர். அவர்களிலும் பெரும்பகுதி குடும்பத் தொழிலில் கூலியின்றி உழைப்பவர். நீதிஸ்தலம் தொழிலாளி என்று சொன்னவளைக் கணக்கர் முதலாளியாக எழுதிவிட்டார். அவளுக்குச் சட்டம் தந்ததைக் கணக்கு பறிக்கிறது என்று நாம் கூறவில்லை. அவளை மறைத்துவிடுகிறது என்கிறோம். கணக்கில் முதலாளியாக நிற்பவளுக்குக் கூலி போதவில்லையென்று எவர் கவலைப்படுவார்?

தேசத்தின் போட்டித் திறனைக் காட்டும் பட்டியலும் இதற்கு விலக்கன்று. 2019-ல் இதே மன்றம் வெளியிட்ட பட்டியலில் 141 நாடுகளில் நாம் 68-வதாக இருந்தோம். சம்பளம் பெறும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உள்ள விகிதம் அதில் ஓர் அளவு. பீடி சுற்றுபவளைத் தொழிலாளியாக எண்ணியிருந்தால் அவ்விகிதம் ஓரளவேனும் மாறியிராதா? மனித உரிமையின் கதையும் அவ்வாறே. 1993-ம் வருஷச் சட்டம் அதை உயிர், சுதந்திரம், சமத்துவம், கௌரவம் சம்பந்தமான உரிமை என்கிறது. அச்சட்டத்தால் பிறந்த தேசியக் கமிஷனின் தகுதியைப் புதுப்பிப்பதை உலக அமைப்பு 2023-லும் 2024-லும் தள்ளிவைத்தது. சொன்ன காரணங்களுள், கமிஷனில் பெண்கள் போதவில்லை என்பதும் ஒன்று.

போதாக்குறைக்கு, 2017-ல் சரக்கு சேவை வரி வந்தபோது, பீடித் தொழிலாளரின் வைத்தியத்திற்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவிய நலநிதித் தீர்வை ஒழிந்துபோயிற்று. அப்பொழுது அதைப் பற்றிக் கிளர்ச்சி செய்தவர் மிகக் குறைவு.

ஜெனீவா தன் கோலைத் திருத்தும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தென்காசி ஜில்லாவின் ஊராட்சிகள் ஒவ்வொன்றும் ஒரு பதிவேடு வைக்கட்டும். பீடி சுற்றுவோர் யார், கடையின் பாஸ் புத்தகம் எவர் பெயரில் இருக்கிறது, ஒருவர் பெயருக்கு வீட்டில் எத்தனை பேர் சுற்றுகிறார்கள், வைப்பு நிதி கட்டப்படுகிறதா, வாரத்தில் எத்தனை பீடி கழிக்கப்படுகிறது என்பவற்றை அதில் எழுதட்டும். கிராமசபை கூடும்போது அதை உரக்க வாசிக்கட்டும். தேசத் தொண்டு செய்ய விரும்பும் இளைஞர்கள், குற்றாலத்திற்குப் புறப்படுமுன், அவ்வேட்டை எழுத இரண்டு நாள் ஒதுக்குவார்களாக.